'ஏதோ சரியில்லை' என்ற பிறகு என்ன சொல்வது?

கேள்வி:

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜிகல் வார்டில் வேலை செய்கிறேன். சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது. நைட்டிங்கேலில் ஆரம்பித்து ஹெண்டர்சன், ஓரம், ராய், வாட்சன் என்று எல்லாத் தியரியையும் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். வார்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மருந்து, டிரிப், டிரஸ்ஸிங், டிஸ்சார்ஜ் என்று ஷிஃப்ட் ஓடிவிடுகிறது.

சமீபத்தில் ஒரு நைட் டியூட்டி. அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், வயது 64, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. பித்தப்பை ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்லீங் சிஸ்டர், கொஞ்சம் அசதிங்" என்பார். அன்று இரவு அவரைப் பார்த்ததும் மனசுக்குச் சரியாகப் படவில்லை. பி.பி. 108/70, பல்ஸ் 108, டெம்பரேச்சர் 37.9, சாச்சுரேஷன் 95. மூச்சு 20 என்று சார்ட்டில் இருந்தது. அவர் மனைவி, "பொழுது சாஞ்சதுலிருந்து பேச்சு மாத்தி மாத்தி வருதுங்க, மகனைத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடறாருங்க" என்றார். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்து, "ஏதோ சரியில்லை டாக்டர்" என்றேன். "என்ன சரியில்லை? பி.பி. எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "நார்மல்தானே, காலையில் பார்க்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. விடிகாலையில் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். ரத்தத்தில் தொற்று என்றார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார்.

படித்த தியரியெல்லாம் எதற்கு? கிரிட்டிக்கல் திங்கிங் என்று கல்லூரியில் சொன்னார்களே, அது சிலருக்குப் பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?

— ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கோவை

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

அவர் பிழைத்தது பெரிய நிம்மதி. அன்று இரவு அந்த மனிதருக்கு ஆபத்து வருகிறது என்று உணர்ந்தவர்கள் நீங்களும் அவர் மனைவியும் மட்டும்தான். உணர்ந்ததோடு விடாமல் போனையும் எடுத்தீர்கள். பழகினால் வருமா என்று கேட்கிறீர்கள். பாதி ஏற்கெனவே வந்துவிட்டது. உணர்ந்ததை அறிகுறியாகப் பிரித்துப் பார்ப்பதும், அந்த அறிகுறியை எதிரே இருப்பவர் தட்டிக்கழிக்க முடியாதபடி சொல்வதும் மீதிப் பாதி. இதைப் பழகத்தான் வேண்டும், பழகினால் கட்டாயம் வரும்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு எழுதியதில் இருக்கும் விவரங்களில் பாதிகூட டாக்டரிடம் நீங்கள் சொன்னதில் இல்லை. அவர் பி.பி. கேட்டார், பி.பி.யைச் சொன்னீர்கள், பேச்சு முடிந்துவிட்டது. 108/70 என்பது சார்ட்டுக்கு நார்மல். ஆனால் இவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அட்மிஷன் அன்று எவ்வளவு இருந்தது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அங்கே 150 என்று இருந்திருந்தால், அந்த ஆளுக்கு 108 நார்மலே இல்லை. பி.பி. 40 புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறது. கூடவே பல்ஸ் ஏறியிருக்கிறது. பல்ஸை மேல் பி.பி.யால் வகுத்தால் வருவதை ஷாக் இண்டெக்ஸ் என்பார்கள். சாதாரணமாக அது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். உங்கள் நோயாளிக்கு 108-ஐ 108-ஆல் வகுத்தால் 1 வருகிறது. இரண்டு எண்ணையும் தனித்தனியே பார்த்தால் பயமில்லை, சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. பி.பி.க்காக அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் பல்ஸ் இந்த அளவுகூட ஏறாமல் நம்மை ஏமாற்றும், அதையும் நினைவில் வையுங்கள். 37.9 என்ற காய்ச்சலும் அப்படித்தான். வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் தொற்று முற்றிய பிறகும் உடம்பு கொதிக்காமல் இருப்பதுண்டு.

இனி மூச்சு. சார்ட்டில் 20 என்று இருந்தது என்கிறீர்கள். எண்ணினார்களா? நாட்டில் எந்த வார்டுக்குப் போய் டி.பி.ஆர். சார்ட்டை எடுத்தாலும் முதல் பெட் முதல் கடைசி பெட் வரை மூச்சு 20, இல்லாவிட்டால் 22. பல்ஸுக்கும் சாச்சுரேஷனுக்கும் மெஷின் இருக்கிறது. மூச்சை மட்டும் நாம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதனால் அதுதான் முதலில் விட்டுப்போகிறது. ஆனால் உடம்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் மூச்சுதான். எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் நாலு தவறும்.

இந்த ஒரு எண் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் 'நியூஸ்' என்ற எச்சரிக்கை ஸ்கோரைக் கொண்டுவந்தது. 2017-ல் அதைத் திருத்தி, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கு 3 மதிப்பெண் என்று சேர்த்தார்கள். உங்கள் எண்களைப் போடுகிறேன், ஆக்ஸிஜன் வைக்கவில்லை என்று கொண்டு. பல்ஸுக்கு 1, பி.பி.க்கு 1, சாச்சுரேஷனுக்கு 1. ஆக 3, காலை வரை காத்திருக்கலாம் என்று தோன்றும். அந்த அம்மாள் சொன்ன பேச்சு மாற்றத்தைச் சேர்த்தால் 6. மூச்சை எண்ணி அது 25-ஐத் தொட்டிருந்தால் இன்னும் 3 சேர்ந்து 9. ஸ்கோர் 5 ஆனாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், 7-க்கு வந்துவிட்டால் தீவிர சிகிச்சைக் குழுவையே கூப்பிட வேண்டும். அன்று உங்கள் கையில் 9 இருந்திருக்கலாம். நீங்கள் போனில் கொடுத்தது 1.

அந்த மனைவியின் வாக்கியம்தான் அந்த இரவின் மிக முக்கியமான மருத்துவத் தகவல் என்பேன். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அவர் பேச்சில் வரும் மாற்றம் எந்த மானிட்டருக்கும் முன்னால் தெரியும். தூக்கக் கலக்கம் என்று நீங்கள் நினைத்தது தவறில்லை, இரவு நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நினைப்போடு நிற்காமல் 'வேறு என்னவாக இருக்கலாம்?' என்று கேட்டிருக்க வேண்டும். சர்க்கரைக்காரர், சரியாகச் சாப்பிடாதவர் குழப்பமாகப் பேசினால் முதலில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்க வேண்டும், லோ சுகராக இருக்கலாம். ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம். வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கமாக இருக்கலாம். சிறுநீர் கட்டியிருக்கலாம். பக்கவாதமாக இருக்கலாம். தொற்றாக இருக்கலாம். தூக்கக் கலக்கம் இந்த வரிசையில் கடைசி, மற்ற எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு. கிரிட்டிக்கல் திங்கிங் என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரம் இதுதான்: முதலில் தோன்றிய காரணத்தை நம்புவதற்கு முன்னால், அது தவறாக இருந்தால் எது ஆளைக் கொல்லும் என்று கேட்டுப் பார்ப்பது.

இப்போது தியரிக்கு வருகிறேன். "ஒண்ணுமில்லீங் சிஸ்டர்" என்றாரே, அந்த இடத்தில்தான் எனக்கு ஐடா ஜீன் ஆர்லாண்டோ நினைவுக்கு வருகிறார். உங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பரீட்சையில் அதிகம் வராதவர் என்பதால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். செவிலியர்கள் நோயாளிகளோடு பேசுவதைக் கூடவே இருந்து கவனித்துக் குறித்துவைத்து, 1961-ல் புத்தகமாக எழுதினார். அவர் சொன்னது மிக எளிமையானது. நோயாளி சொல்வதும் செய்வதும் அவருடைய தேவையை அப்படியே காட்டிவிடாது. அதைப் பார்த்ததும் நமக்குள் ஒரு எண்ணம் எழும், ஒரு உணர்ச்சி எழும். அந்த எண்ணத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. அதை நோயாளியிடமே திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இது அமெரிக்காவில் எழுதப்பட்டாலும் கொங்குப் பக்கத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும் எனக்கு. நம் ஊர்ப் பெரியவர்கள் வலியைச் சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அதிலும் மகள் வயதுப் பெண் நின்று கேட்டால் "பரவாயில்லீங் கண்ணு, நீங்க போயி அடுத்தவங்களைப் பாருங்" என்றுதான் சொல்வார்கள். ஹார்ட் அட்டாக்கோடு வந்து உட்கார்ந்துகொண்டு "நெஞ்செல்லாம் ஒண்ணும் பண்ணலீங், வவுறு ஒரு மாதிரியா இருக்குதுங்" என்பவர்கள் உண்டு. "வலி இருக்குதுங்களா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கேள்வியை மாற்றிப் பாருங்கள். "நேத்து இந்நேரம் நீங்களே எந்திரிச்சு பாத்ரூம் போனீங்களே, இன்னைக்கு ஏனுங் போகலை?" "சாயங்காலம் வந்த இட்லி அப்படியே இருக்குதே, வாய்க்குப் பிடிக்கலீங்களா, குமட்டுதுங்களா?" நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் ஆத்தாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தோ கோவை ஃபவுண்டரியிலிருந்தோ வரும் பீகார், ஒடிசாத் தொழிலாளியிடம் மொழி தெரியாமல் இந்தக் கேள்விகூடக் கேட்க முடியாது. அங்கே முகமும் மூச்சும் படுத்திருக்கும் விதமும்தான் பேச்சு.

கோவிட் காலத்தில் நம் ஊரே இதைக் கண்ணால் பார்த்தது. 2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. நன்றாகப் பேசிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, மூச்சு முட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் சாச்சுரேஷன் 80-க்குக் கீழே இருந்தது. நோயாளி சொல்வதை நம்ப வேண்டும், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று அந்த இரண்டாம் அலை நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: சொல்கிறவர்களை நம்பாமல் விடுவது. அவிநாசி ரோட்டிலோ சேலம் ஹைவேயிலோ விபத்தில் கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு வார்டுக்கு வந்த ஒரு லாரி கிளீனரை எண்ணிப் பாருங்கள். வாயில் மது வாடை. வலி ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பவும் கத்துகிறார். "குடிகாரன், வலி தாங்க மாட்டான், டிராமா" என்று ஹேண்டோவரிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு அவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஊசிக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கால் விரலை நாம் மெதுவாக நீட்டிவிட்டால் அலறுவது, கெண்டைக்கால் கல்போல் இறுகுவது ஆகியவை கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று கத்துகின்றன. உள்ளே வீங்கிய தசைக்கு ரத்தம் போகவில்லை. 6 மணி நேரம் போனால் தசை செத்துப்போகத் தொடங்கும். பாதத்தில் நாடி கிடைக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது, நாடி கடைசியில்தான் போகும். வீக்கம் குறையட்டும் என்று காலைத் தலையணை மேல் உயர்த்தினால் உள்ளே போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். இருதய மட்டத்தில் வைத்து, கட்டைப் பிரிக்கவும் வந்து பார்க்கவும் ஆர்த்தோ டாக்டரை அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். அந்த மனிதரின் காலும், அதை நம்பி இருக்கும் வீடும், நீங்கள் அவர் கத்தலை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஸ்கோர் இருந்தால் போதுமே, யோசனை எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் கோவையிலேயே பதில் இருக்கிறது. எலும்பு வெளியே தெரியும் அளவுக்குச் சிதைந்த காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவு செய்ய, நம் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் ஒரு ஸ்கோர் உருவாக்கினார்கள். 2006-ல் வெளியான அது இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். 15-ம் 16-ம்? அதை அவர்கள் அப்படியே திறந்து விட்டிருக்கிறார்கள், ஆளைப் பார்த்து, அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று. நல்ல ஸ்கோர் தன் எல்லையைத் தானே சொல்லும். உங்கள் வார்டு ஸ்கோரும் அப்படித்தான். மொத்தம் 3 வந்தாலும் மனசு உறுத்தினால் கூப்பிடுங்கள். மனசு உறுத்தாவிட்டாலும் 7 வந்தால் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டு என்ன சொல்வது? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த 'எஸ்பார்' முறையைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். என்ன நடக்கிறது, ஆள் யார், நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் என்ற நாலும் வர வேண்டும். அன்று இரவு இப்படிச் சொல்லியிருக்கலாம்: "டாக்டர், சர்ஜிகல் வார்டு. 64 வயது, பித்தப்பை ஆபரேஷன், இரண்டாம் நாள், டயபெடிக், பி.பி. பேஷண்ட். சாயங்காலத்திலிருந்து புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறார். அட்மிஷனில் பி.பி. 150, இப்போது 108, பல்ஸும் 108. மூச்சை முழு நிமிடம் எண்ணினேன், 26. ஸ்கோர் 9. சுகர் பார்த்தேன், லோ இல்லை. செப்சிஸ் ஆரம்பமோ என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் லாக்டேட், கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கட்டுமா?" அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டுவிட்டு "காலையில் பார்க்கலாம்" என்று சொல்வது எந்த டாக்டருக்கும் கஷ்டம். அப்படியும் சொன்னால், கன்சல்டன்ட்டைக் கூப்பிடுங்கள், நைட் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று நர்சஸ் நோட்டில் எழுதுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. 'நினைக்கிறேன்' என்று சொல்ல செவிலியருக்கு உரிமை உண்டா என்று தயங்காதீர்கள். நோய்க்குப் பெயர் வைத்து மருந்து எழுதுவது டாக்டர் வேலை. ஆபத்தைக் கணித்துச் சொல்வது நம் வேலை.

மற்ற தியரிகளில் எல்லாவற்றையும் எல்லா நோயாளிக்கும் போட்டுப் பார்க்க வேண்டாம். ராயின் தகவமைப்பு மாதிரி நீண்ட நாள் நோயாளிக்கு, காலை இழந்தவருக்கு, புற்றுநோய் வார்டுக்குப் பொருந்தும். ஹெண்டர்சனின் 14 தேவைகள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்றும் விட்டுப்போகாமல் பார்க்க உதவும். வாட்சன் எனக்குப் பிடித்தவர்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர் உதவியதாகச் சொல்ல மாட்டேன்.

ஓரம் வேறு ரகம். நோயாளிக்காக நாமே எல்லாம் செய்வதா, அவரோடு சேர்ந்து செய்வதா, கற்றுக்கொடுத்து அவரையே செய்ய வைப்பதா என்று மூன்று நிலை வைத்தார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரைக்காரருக்கு ஆஸ்பத்திரியில் நாம் எத்தனை டிரஸ்ஸிங் செய்தாலும் பயனில்லை, தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க அவர் பழகாவிட்டால். டிஸ்சார்ஜ் அன்று "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்காதீர்கள், "ஆமாங்" என்பார். "இன்சுலினை நீங்களே எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம்" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போய்ச் செய்வதிலும் பாதி இந்த ஓரம்தான், யாரும் அந்தப் பெயரைச் சொல்லாவிட்டாலும்.

உங்கள் பட்டியலில் இல்லாத இன்னொருவரான லெய்னிங்கரை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். குடும்பத்தின் வழக்கத்தை என்ன செய்வது என்பதற்கு அவர் மூன்று வழி சொன்னார்: அப்படியே காப்பது, பேசி ஒத்துப்போக வைப்பது, மாற்றுவது. பிரசவ வார்டில் அமுச்சிகளோடு சண்டை போடும் இளம் செவிலியர்கள் இதைப் படித்திருந்தால் சண்டை வராது. பூண்டும் சுக்கும் பிரசவ லேகியமும் கருவாடும் என்று பத்தியச் சாப்பாடு வருகிறதா, வரட்டும், அதைப் பாராட்டுங்கள். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பெண்ணுக்குத் தண்ணீரே கொடுக்காமல் வைத்திருக்கிறார்களா, திட்டாதீர்கள். காய்ச்சிய சீரகத் தண்ணீர், பால், ரசம் என்று அவர்கள் ஏற்கும் வழியில் அளவைக் கூட்டுங்கள், பால் ஊறுவதற்கு வேண்டும் என்றால் எந்த அமுச்சியும் மறுக்க மாட்டார். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, சேனை என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் பச்சைக் குழந்தையின் நாக்கில் வைப்பது, தொப்புள் கொடியில் எதையாவது தடவுவது, இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் முதல் இரண்டு விஷயத்தில் மதிப்பைச் சம்பாதித்தவர் சொன்னால்தான் மூன்றாவது ஏறும். எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று பிரிப்பதே சிந்தனைதான்.

தியரி என்றால் மாறாத உண்மை என்று மட்டும் எண்ணாதீர்கள். நைட்டிங்கேல் 1854 நவம்பரில் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு ஜூனில் அது 2-க்கு இறங்கியது. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தவறு என்று கிருமி இயல் பின்னால் காட்டியது. ஆனால் அவர் இறப்புகளை மாதாமாதம் எண்ணினார், ஊர் திரும்பியதும் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து அந்த எண்களை ஆராய்ந்து, எது உயிரைக் காப்பாற்றியது என்று கேட்டார். தன் தியரியை எண்ணிப் பார்த்துச் சோதிக்கத் துணிந்தவர் என்பதால்தான் அவரை முதல் பாடமாக வைத்திருக்கிறோம், விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் மட்டும் அல்ல.

இன்னொரு கவலையும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது, ஓராண்டு நெருங்கியும் சீனியர்கள் மாதிரி வரவில்லையே என்று. பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதியதைப் பாருங்கள். புதியவர் நிலையிலிருந்து நிபுணர் வரை ஐந்து படி வைத்தார். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தால்தான் நடுப்படிக்கே வர முடியும் என்றார். சோமனூரில் தறி ஓட்டுகிறவர் சத்தத்தை வைத்தே எங்கே இழை அறுந்தது என்று சொல்கிறாரே, சீனியர் சிஸ்டரின் 'மனசுக்குப் படவில்லை' என்பதும் அந்த மாதிரிதான், ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த கணக்கு அதற்குள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு வார்டு என்று இளம் செவிலியர்களைச் சுற்ற விடும் நிர்வாகங்கள் அந்தக் கணக்கு சேரவே விடுவதில்லை.

இங்கே நிர்வாகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1946-லேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது, செவிலியர் யோசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுதான். 2021-22 முதல் பாடத்திட்டமும் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. ஆனால் கேர் பிளான் ரெக்கார்டை சீனியரிடம் வாங்கி, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றிக் காப்பி எழுதும் பழக்கம் பல கல்லூரிகளில் இன்னும் போகவில்லை. பார்த்த நோயாளியைப் பற்றி இரண்டு பக்கம் சொந்தமாக எழுதும் மாணவி, பார்க்காத நோயாளியைப் பற்றி அழகான கையெழுத்தில் இருபது பக்கம் எழுதுபவரைவிட மேல் என்று மதிப்பெண் போட ஆசிரியர்கள் துணிய வேண்டும்.

மருத்துவமனைகளோ, யோசிக்க நேரமே கொடுப்பதில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் 5 படுக்கைக்கு ஒருவர். இரவு ஷிஃப்டில் உங்கள் வார்டில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். லிண்டா எய்கனும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுத்தால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். 15 பேரை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, நம் நர்ஸ்களுக்கு கிரிட்டிக்கல் திங்கிங் இல்லை என்று மீட்டிங்கில் பேசுவது நியாயமே இல்லை. மூச்சை ஒரு நிமிடம் எண்ண, ஒரு நிமிடம் வேண்டும்.

ஆள் பலம் கூடும் வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. ஷிஃப்ட் தொடங்கும்போது உங்கள் நோயாளிகளில் யார் இன்று இரவு கெடக் கூடும் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த இரண்டு பேருக்கு மட்டுமாவது மூச்சை எண்ணுங்கள், நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், வீட்டாரிடம் பேசுங்கள். காலையில் உங்கள் கணிப்பு சரியா என்று பாருங்கள். கிறிஸ்டின் டேனர் 2006-ல் கவனித்தல், பொருள் காணல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று நாலாகச் சொன்னதில், நம் வார்டுகளில் நடக்காமலே போவது கடைசி ஒன்றுதான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அன்னூர்ப் பெரியவரின் கேஸ் ஷீட்டை இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு எடுங்கள். யார் மேலும் பழி போட அல்ல. வார்டில் இருக்கும் எல்லாச் செவிலியர்களும், முடிந்தால் அந்த டியூட்டி டாக்டரும், அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்த மணியில் எந்த எண் மாறியது, யார் எதைச் சொன்னார்கள், எது காதில் விழவில்லை என்று சேர்ந்து படியுங்கள். இன்சார்ஜ் நேரமில்லை என்றால் நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் எழுத்தில் கேளுங்கள்.